பதிலீடு மட்டுமே தெரிந்த கருவி

பிரவுசரில் ஓடும் லாம்டா கால்குலஸ் கருவி ஒன்றைத் திறந்தால் கண்ணில் படுவது ஒரு வெற்றுப் பெட்டியும் ஒரு பொத்தானும்தான். இப்படிப்பட்ட கருவிகள் இணையத்தில் ஏராளம். கணினியியல் படிப்பவர்களும் சொல்லிக்கொடுப்பவர்களும் ஆசைக்கு எழுதி வைத்தவை. நிறுவ வேண்டாம், கணக்குத் தொடங்க வேண்டாம், காசும் கேட்பதில்லை. ஆனால் கலப்படமில்லாத கருவியாக இருந்தால், பெட்டியில் 2 + 3 என்று தட்டியதும் பிழை என்று சொல்லிவிடும். அதற்குக் கூட்டல் தெரியாது, 2 என்றால் என்னவென்றும் தெரியாது. உண்மை, பொய், 'இப்படி இருந்தால் அப்படிச் செய்', 'திரும்பத் திரும்பச் செய்' எதுவுமே தெரியாது. தெரிந்த வேலை ஒன்றே ஒன்று: ஓர் எழுத்து இருக்கும் இடத்தில் வேறொன்றை எடுத்து வைப்பது.

இந்த ஒரு வேலையை வைத்துக்கொண்டு எந்தக் கணினியும் கணக்கிடக்கூடிய எதையும் கணக்கிட்டுவிடலாம் என்பது 1930-களில் தெரியவந்தது. அப்போது கணினியே கிடையாது. புத்தகத்தில் இதைப் படித்தால் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவோம். பெட்டியில் தட்டி, படிப்படியாக நகர்த்திப் பார்க்கும்போதுதான் இது எவ்வளவு விசித்திரமான செய்தி என்று உறைக்கும்.

எழுதக்கூடியவை மூன்றே வகை. முதலாவது மாறி, 'அ' என்று ஓர் எழுத்து. இரண்டாவது சார்பு. அதை எழுத லாம்டா என்ற கிரேக்க எழுத்து வேண்டும், அது விசைப்பலகையில் இல்லை. ஆகவே பெரும்பாலான கருவிகள் அதற்குப் பதிலாக பேக்ஸ்லாஷை ஏற்றுக்கொள்ளும்:

\அ.அ

'எதையாவது கொடு, அதற்கு அ என்று பெயர் வைக்கிறேன். பிறகு அ-வையே திருப்பித் தருகிறேன்.' புள்ளிக்கு முன்னால் இருப்பது வாங்கிக்கொள்ளும் பெயர், பின்னால் இருப்பது தரப்போகும் விடை. மூன்றாவது வகை, ஒரு சார்புக்கு ஒன்றைக் கொடுப்பது. இரண்டையும் அடுத்தடுத்து எழுதினால் போதும். பல கருவிகள் மாறிகளாக ஆங்கில எழுத்துகளை மட்டுமே ஏற்கும். இங்கே வசதிக்காகத் தமிழ் எழுத்துகளில் தருகிறேன். உங்கள் கருவி முரண்டு பிடித்தால் எழுத்தை மாற்றிக்கொள்ளுங்கள், கணக்கு மாறாது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு.

(\அ.\ஆ.அ) ம ந
→ (\ஆ.ம) ந
→ ம

முதல் படியில் அ இருந்த இடத்தில் ம வந்து உட்கார்ந்தது. இரண்டாம் படியில் ஆ-வுக்கு ந வந்தது. ஆனால் உள்ளே ஆ எங்குமே இல்லை, அதனால் ந காணாமல் போயிற்று. ஒரு சார்பு ஒரே ஒரு பொருளைத்தான் வாங்கும். இரண்டு வேண்டுமென்றால் முதலாவதை வாங்கிக்கொண்டு, இரண்டாவதை வாங்கக்கூடிய இன்னொரு சார்பைத் திருப்பித் தர வேண்டும். இந்த உத்தியை ரஷ்யாவைச் சேர்ந்த மோசஸ் ஷோன்ஃபிங்கல் 1920-லேயே கோட்டிங்கன் நகரில் ஓர் உரையில் சொல்லிவிட்டார். பெயர் என்னவோ அமெரிக்கரான ஹாஸ்கல் கரிக்குப் போய்ச் சேர்ந்தது.

தொடக்கத்தில் எல்லோரையும் கவிழ்ப்பது அடைப்புக்குறிதான். 'ச ச ப' என்று எழுதினால் கருவி அதை '(ச ச) ப' என்றே படிக்கும். 'ச (ச ப)' என்று நினைத்து எழுதியவருக்கு வேறு விடை வரும். இன்னொன்று, புள்ளிக்குப் பின்னால் வரும் உடல், அடைப்புக்குறி மூடும்வரை வலப்பக்கம் நீண்டுகொண்டே போகும். சந்தேகம் வந்தால் அடைப்புக்குறியைத் தாராளமாகப் போடுங்கள். கஞ்சத்தனம் இங்கே உதவாது.

லாம்டா கால்குலஸை உண்டாக்கியவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த அலோன்ஸோ சர்ச். கணிதம் முழுவதையும் தாங்கும் தர்க்க அடித்தளம் ஒன்றை அமைப்பதுதான் அவருடைய நோக்கம். 1932-ல் அதை வெளியிட்டார். அவருடைய மாணவர்களான ஸ்டீபன் கிளேனியும் பார்க்லி ராஸரும் 1935-ல் அந்த அமைப்பு தனக்குத்தானே முரண்படுகிறது என்று நிரூபித்துவிட்டார்கள். ஆசிரியர் கட்டிய வீட்டை மாணவர்களே இடித்த கதை. ஆனால் தர்க்கத்துக்கென்று வைத்திருந்த பகுதிகளைக் கழற்றிவிட்டு, சார்பும் பதிலீடும் மட்டும் கொண்ட மிச்சத்தைப் பார்த்தபோது அதில் முரண்பாடு இல்லை. அந்த மிச்சம்தான் இன்று நாம் பெட்டியில் தட்டுவது.

எண்கள் எங்கே? சர்ச் அவற்றைச் சார்புகளாகவே எழுதினார். எண் என்பது 'எத்தனை தடவை' என்பதற்கு மேல் ஒன்றுமில்லை என்பது அவர் கண்ட வழி. ஒரு செயலையும் தொடங்குமிடத்தையும் கொடுங்கள். மூன்று என்பது அந்தச் செயலை அங்கிருந்து மூன்று தடவை செய்வது.

சுழி: \ச.\ப.ப
ஒன்று: \ச.\ப.ச ப
இரண்டு: \ச.\ப.ச (ச ப)
மூன்று: \ச.\ப.ச (ச (ச ப))

கூட்டல் இப்படி வந்துவிடும்: \ம.\ந.\ச.\ப.ம ச (ந ச ப). முதலில் ந தடவை செய், வந்த இடத்திலிருந்து மேலும் ம தடவை செய். பெருக்கல் அதைவிடச் சின்னது: \ம.\ந.\ச.ம (ந ச). அடுக்குக்கு எதுவுமே எழுத வேண்டாம். ஓர் எண்ணை இன்னொரு எண்ணுக்குக் கொடுத்தாலே போதும். 'மூன்று இரண்டு' என்றால் 2-ன் அடுக்கு 3, அதாவது 8. கூட்டலைவிடப் பெருக்கலும் பெருக்கலைவிட அடுக்கும் சுருக்கமாக எழுதப்படும் வேறோர் உலகம் எனக்குத் தெரிந்து இல்லை.

இதைக் கருவி எப்படிச் செய்கிறது என்று 'இரண்டு இரண்டு' என்ற சின்ன உதாரணத்தில் பார்க்கலாம்.

(\ச.\ப.ச (ச ப)) இரண்டு
→ \ப.இரண்டு (இரண்டு ப)
→ \ப.\க.இரண்டு ப (இரண்டு ப க)

இன்னும் நான்கு படிகள் நகர்த்தினால் \ப.\க.ப (ப (ப (ப க))) என்று வந்து நின்றுவிடும். நான்கு ப. விடை 4.

ஆனால் நடுவில் 'க' எங்கிருந்து முளைத்தது? இரண்டு என்பதன் உள்ளே இருந்ததும் ப, வெளியிலிருந்து உள்ளே போகவேண்டியதும் ப. அப்படியே வைத்திருந்தால் வெளியே இருந்த ப, உள்ளே இருந்த ப-வோடு கலந்து அடையாளம் தெரியாமல் போயிருக்கும். எனவே கருவி உள்ளே இருந்ததற்குச் சத்தமில்லாமல் க என்று பெயர் மாற்றிவிட்டது. பார்க்க அற்பமான விஷயம். ஆனால் லாம்டா கருவி எழுத உட்காரும் பலர் வழுக்கி விழும் இடம் இதுதான். உங்கள் கருவியைச் சோதிக்க ஒரு வரி போதும்:

(\அ.\ஆ.அ) ஆ

வெளியே தனியாக நிற்கும் ஆ வேறு, உள்ளே இருக்கும் ஆ வேறு. சரியான கருவி \இ.ஆ என்றோ வேறொரு புதுப் பெயர் வைத்தோ விடை தரும். எதைக் கொடுத்தாலும் வெளியே இருந்த ஆ-வைத் தருகிற சார்பு என்று பொருள். \ஆ.ஆ என்று வந்தால் கருவியை மூடிவிட்டு வேறொன்றைத் தேடுங்கள். 'கொடுத்ததையே திருப்பித் தா' என்ற முற்றிலும் வேறான சார்பை அது விடையாகச் சொல்கிறது. பெயர்களால் வரும் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று நெதர்லாந்துக் கணிதவியலாளர் டி பிராய்ன் 1972-ல் பெயர்களை எடுத்துவிட்டு, 'எத்தனை சார்பு தள்ளி வெளியே' என்று எண்களால் குறிக்கும் முறையைக் கொண்டுவந்தார். பல கருவிகள் திரையில் பெயரைக் காட்டினாலும் உள்ளுக்குள் அந்த எண்களை வைத்தே வேலை செய்கின்றன.

பெயர்க் குழப்பம் பெரிய இடங்களையும் விட்டு வைக்கவில்லை. 1958-ல் எம்ஐடி நிறுவனத்தில் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழியை உருவாக்கத் தொடங்கியபோது சார்புகளை எழுதும் முறையை சர்ச்சிடமிருந்து எடுத்துக்கொண்டார், லாம்டா என்ற பெயரோடு சேர்த்து. ஆனால் ஒரு பெயருக்கு என்ன மதிப்பு என்பதை அந்தக் கால லிஸ்ப், சார்பு எழுதப்பட்ட இடத்தில் பார்க்காமல், அது ஓடுகிற இடத்தில் பார்த்தது. ஒரு சார்பை இன்னொரு சார்புக்குக் கொடுத்தால் பெயர்கள் ஆள் மாறிப்போகும். 1975-ல் அதே எம்ஐடியில் ஜெரால்டு சஸ்மனும் கை ஸ்டீலும் உருவாக்கிய ஸ்கீம் என்ற லிஸ்ப் வகை இதைச் சரிசெய்து, சர்ச் வகுத்தபடியே பெயர்களை நடத்தியது.

நம் கதைக்கு ஸ்கீம் முக்கியம். 1995-ல் நெட்ஸ்கேப் நிறுவனம் பிரெண்டன் ஐக்கை வேலைக்கு எடுத்தது, பிரவுசருக்குள் ஸ்கீம் மொழியைக் கொண்டுவரலாம் என்று சொல்லித்தான். உள்ளே போனபின், பார்க்க ஜாவாவைப் போல இருக்க வேண்டும் என்றார்கள். பத்து நாட்களில் முதல் வடிவம் தயாரானது. மேலே ஜாவாவின் சட்டை, உள்ளே ஸ்கீமின் உடம்பு. அதுதான் ஜாவாஸ்கிரிப்ட். அந்த வழியில் சர்ச்சின் சார்புகள் எல்லா பிரவுசர்களிலும் குடியேறிவிட்டன. 2015-ல் ஜாவாஸ்கிரிப்டில் அம்புக்குறிச் சார்புகள் சேர்ந்தபோது எழுதும் முறையும் லாம்டாவுக்கு மிக அருகில் வந்துவிட்டது. \அ.அ என்பதை அங்கே அ => அ என்று எழுதலாம். மற்ற மொழிகளும் சும்மா இருக்கவில்லை. சி பிளஸ் பிளஸ் 2011-லும் ஜாவா 2014-லும் லாம்டாவைச் சேர்த்துக்கொண்டன. நம் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் பைத்தானின் பெயரில்லாச் செயற்கூறு என்று வருவதும் இதே லாம்டாதான்.

ஆகவே தனிக் கருவி எதையும் தேடாமலும் விளையாடிப் பார்க்கலாம். மேசைக் கணினியிலோ மடிக்கணினியிலோ குரோமைத் திறந்து எஃப்12 விசையை அழுத்தி, கன்சோல் என்ற பகுதிக்குப் போங்கள். கைபேசியில் இது சுலபத்தில் வராது. ஜாவாஸ்கிரிப்ட் தமிழ் எழுத்துகளைப் பெயர்களாக ஏற்றுக்கொள்ளும் என்பது பலருக்குத் தெரியாத சங்கதி. கீழே உள்ளவற்றை அப்படியே தட்டலாம். வெட்டி ஒட்டப் போனால் பிரவுசர் எச்சரிக்கக்கூடும், யாரோ தந்த வரிகளைக் கண்ணை மூடிக்கொண்டு கன்சோலில் ஒட்டக் கூடாது என்பதற்காக. கையால் தட்டுவதே மேல்.

உண்மை = அ => ஆ => அ
பொய் = அ => ஆ => ஆ
இரண்டு = ச => ப => ச(ச(ப))
மூன்று = ச => ப => ச(ச(ச(ப)))
எண்ணாக்கு = ந => ந(அ => அ + 1)(0)

கடைசி வரி மட்டும் கொஞ்சம் ஏமாற்று. சர்ச்சின் எண்ணை நம் எண்ணாக மாற்றிக் காட்ட ஜாவாஸ்கிரிப்டின் கூட்டலைக் கடன் வாங்குகிறது. 'ஒன்று கூட்டு' என்ற செயலைக் கொடுத்து, சுழியிலிருந்து தொடங்கச் சொல்கிறோம். இப்போது எண்ணாக்கு(மூன்று(இரண்டு)) என்று தட்டினால் 8 வரும். எண்ணாக்கு(இரண்டு(மூன்று)) என்றால் 9.

உண்மையும் பொய்யும் வெறும் தேர்வுகள். இரண்டு பொருள்களைக் கொடுத்தால் உண்மை முதலாவதை எடுக்கும், பொய் இரண்டாவதை எடுக்கும். 'இருந்தால் இது, இல்லாவிட்டால் அது' என்று தனியாக ஒரு கட்டளையே தேவையில்லை. பொய்யையும் மேலே சொன்ன சுழியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்துகள் வேறு, உருவம் ஒன்றே. சுழியும் பொய்யும் ஒரே சார்பு. சி மொழியில் 0 என்றால் பொய் என்று வைத்துக்கொண்டது ஓர் ஏற்பாடு. இங்கே யாரும் ஏற்பாடு செய்யவில்லை, தானாக அமைந்தது.

கன்சோலில் வெறுமனே மூன்று(இரண்டு) என்று மட்டும் தட்டினால் என்ன வரும்? லாம்டா கருவியாக இருந்தால் எட்டு ப வரிசையாக நிற்கும் முழு விடையும் வரும். கன்சோலோ ப => ச(ச(ச(ப))) என்று, நாம் தட்டிய மூன்றின் உள்பகுதியையே திருப்பிக் காட்டும். ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். காரணம், ஜாவாஸ்கிரிப்ட் ஒரு சார்பின் உடலுக்குள் தானாக நுழைந்து எதையும் சுருக்குவதில்லை. யாராவது ப-வுக்கு ஒரு பொருளைக் கொடுத்தால்தான் உள்ளே போகும். அன்றாட நிரல் எழுத அது போதும். ஆனால் பதிலீடு எப்படி நடக்கிறது என்று பார்க்க நினைப்பவருக்குக் கன்சோல் ஒரு மூடிய கதவு. படிப்படியாகக் காட்டும் எளிய கருவிக்கு மதிப்பு இருப்பது இதனால்தான். இரண்டையும் இரண்டு ஜன்னல்களில் திறந்து வைத்துக்கொள்வது என் பரிந்துரை.

கூட்டல், பெருக்கல், அடுக்கு எல்லாம் வந்துவிட்டன. கழித்தல்?

இங்கே சர்ச் திணறிப்போனார். எண் என்பது 'ச-வை இத்தனை தடவை செய்' என்னும் உத்தரவு. இன்னொரு தடவை சேர்த்துச் செய்யச் சொல்வது சுலபம். ஒரு தடவை குறைத்துச் செய்யச் சொல்வது எப்படி? ச என்ன செய்கிறது என்பது எண்ணுக்குத் தெரியாது, செய்ததை அழிக்கவும் வழியில்லை. மூன்றிலிருந்து இரண்டுக்கு வருவது, அதாவது முந்தைய எண்ணைக் கண்டுபிடிப்பது, லாம்டாவால் முடியாத காரியம் என்ற முடிவுக்கு அவர் கிட்டத்தட்ட வந்துவிட்டாராம். அந்தக் கணக்கு ஆராய்ச்சி மாணவரான கிளேனியிடம் இருந்தது. 1932-ன் தொடக்கத்தில், ஞானப்பல் பிடுங்கிக்கொள்ளப் பல் மருத்துவரிடம் போயிருந்த நேரத்தில் அவருக்கு வழி பிடிபட்டது. பிற்காலத்தில் அவரே சொன்ன செய்தி இது.

இன்று பாடநூல்களில் சொல்லப்படும் வடிவம் இதுதான். திரும்பி நடக்க முடியாத பாதையில், முன்னால் ஒருவர் போக, ஓரடி பின்தங்கி இன்னொருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னவர் மூன்றாவது கல்லை அடையும்போது பின்னவர் இரண்டாவது கல்லில் நிற்பார். பின்னவரைக் கேட்டால் விடை கிடைத்துவிடும். பின்னோக்கிப் போகவே வேண்டாம். அதற்கு இரண்டு எண்களைச் சேர்த்துப் பிடித்துவைக்கும் ஓர் இணை வேண்டும். அதையும் சார்பாகவே செய்துகொள்ளலாம்.

சுழி = பொய்
அடுத்தது = ந => ச => ப => ச(ந(ச)(ப))
இணை = அ => ஆ => த => த(அ)(ஆ)
நகர்த்து = இ => இணை(இ(பொய்))(அடுத்தது(இ(பொய்)))
முந்தையது = ந => ந(நகர்த்து)(இணை(சுழி)(சுழி))(உண்மை)

இணை இரண்டையும் வைத்துக்கொண்டு காத்திருக்கும். உண்மையைக் கொடுத்தால் முதலாவதைத் தரும், பொய்யைக் கொடுத்தால் இரண்டாவதைத் தரும். நகர்த்து என்பது இரண்டாவதை முதலிடத்துக்குக் கொண்டுவந்து, இரண்டாம் இடத்தில் அதைவிட ஒன்று கூடுதலாக வைக்கிறது. (0, 0) என்று தொடங்கி மூன்று தடவை நகர்த்தினால் (0, 1), (1, 2), (2, 3). முதலாவதை எடுத்தால் 2. எண்ணாக்கு(முந்தையது(மூன்று)) என்று தட்டிப் பாருங்கள். சுழிக்கு முந்தையது சுழியாகவே வரும். எதிர்ம எண்கள் இந்த ஊரில் இல்லை.

முந்தையது கிடைத்துவிட்டால் கழித்தல் கிடைத்துவிடும். கழித்துச் சுழி வருகிறதா என்று பார்த்தால் எது பெரியது என்பது தெரிந்துவிடும். ஒப்பிடத் தெரிந்தால் வகுத்தல், மீதி, பகா எண் என்று வரிசையாக வரும். விலை மட்டும் பயங்கரம். 100-க்கு முந்தையது எதுவென்று கேட்டால் கருவி சுழியிலிருந்து நடக்கத் தொடங்கி 100 வரை வரவேண்டும். படிகளைக் காட்டும் கருவியில் இதைச் செய்தால் திரை உருண்டுகொண்டே இருக்கும். சின்ன எண்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கிளேனி அடுத்தடுத்து எந்தச் சார்பை எடுத்தாலும் அதை லாம்டாவில் எழுத முடிந்தது. அதைப் பார்த்த சர்ச், கணக்கிடக்கூடியது எதுவாயினும் அதை லாம்டாவில் எழுதிவிடலாம் என்று துணிந்து சொன்னார். பிரின்ஸ்டனுக்கு வந்திருந்த குர்த் கோடல் இதை ஏற்கவில்லை. பெரிய தர்க்கவாதி அவர், அவருடைய தயக்கத்துக்குக் கனம் இருந்தது.

இப்போது கருவியில் இந்த வரியைத் தட்டி ஒவ்வொரு படியாக நகர்த்துங்கள்:

(\அ.அ அ) (\அ.அ அ)

அ இருக்கும் இரண்டு இடங்களிலும் \அ.அ அ போய் உட்காரும். விடை, தொடங்கிய அதே வரி. இன்னொரு படி, மறுபடியும் அதே வரி. எழுத்து ஒன்றுகூடக் கூடாது, குறையாது. இதற்கு ஒமேகா என்று பெயர். இதை வைத்து ஒரு காரியமும் ஆகாது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சார்பு வெளியே விழும்படி சிறிது மாற்றினால் கதை வேறு:

\ச.(\அ.ச (அ அ)) (\அ.ச (அ அ))

ஒரு சார்பை இதற்குக் கொடுத்தால் ச (ச (ச ...)) என்று வேண்டியமட்டும் நீளும். சார்புக்குப் பெயர் வைக்காமலேயே அது தன்னைத் தானே அழைத்துக்கொள்ள இது வழிசெய்கிறது. கருவிக்குத் தெரியாத 'திரும்பத் திரும்பச் செய்' இப்படித்தான் கிடைக்கிறது. கரியின் பெயரோடு வழங்கும் இதற்கு ஒய் காம்பினேட்டர் என்று பெயர். 2005-ல் தொடங்கிய கலிஃபோர்னிய முதலீட்டு நிறுவனம் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டதால், இப்போது இணையத்தில் தேடினால் கணக்குக்கு முன்னால் பணம் வந்து நிற்கிறது.

இதே வரியைக் கன்சோலில் எழுதி ஒரு சார்பைக் கொடுத்தால், அழைப்புகள் அளவு மீறிவிட்டன என்று சிவப்பில் கத்தும். ஜாவாஸ்கிரிப்ட் எதையும் ஒரு சார்புக்குக் கொடுக்கும் முன்பே முழுசாகக் கணக்கிட்டுவிடப் பார்க்கும். முடிவில்லாத ஒன்றை முழுசாகக் கணக்கிட எங்கே போவது? 'அ அ' என்பதை ஒரு சார்புக்குள் ஒளித்துவைத்தால் தப்பிக்கலாம்:

மீள் = ச => (அ => ச(ஆ => அ(அ)(ஆ)))(அ => ச(ஆ => அ(அ)(ஆ)))
மீள்(த => ந => ந === 0 ? 1 : ந * த(ந - 1))(5)

120 வரும். 5-ன் காரணியப் பெருக்கம். 'த' தன்னைத் தானே அழைப்பது போலத் தெரிந்தாலும், அது மீள் கையில் கொடுத்த பொருள்தான்.

எதை முதலில் கணக்கிடுவது என்ற வரிசை, நாம் நினைப்பதைவிட முக்கியம். பொய் என்ற சார்புக்கு முதல் பொருளாக ஒமேகாவைக் கொடுங்கள். பொய் முதலாவதைக் கண்டுகொள்ளாது. இடக்கோடியில் வெளியே இருப்பதை முதலில் செய்யும் கருவி ஒமேகாவை ஒரே படியில் தூக்கி எறிந்துவிட்டு விடையைத் தரும். கொடுப்பதை முதலில் கணக்கிடும் கருவி ஒமேகாவுக்குள் போய் வெளியே வராது. நல்ல கருவிகளில் இந்த வரிசையைத் தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல் இருக்கும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். சர்ச்சும் ராஸரும் 1936-ல் நிரூபித்த தேற்றம் ஒன்று இங்கே ஆறுதல்: எந்த வரிசையில் போனாலும், முடிவுக்கு வந்துவிட்டால் விடை ஒன்றாகவே இருக்கும். வழி தவறி முடிவே வராமல் போகலாம், ஆனால் தவறான விடை வராது. இடக்கோடியை முதலில் செய்யும் வழியில் போனால், முடிவு என்று ஒன்று இருக்கும்பட்சத்தில் அது கட்டாயம் கிடைக்கும். ஹாஸ்கல் மொழி இந்த வழியை ஒட்டிப் போகிறது.

முடிவு இருக்கிறதா என்பதையே முன்கூட்டிச் சொல்ல முடியுமா? பல கருவிகளில் 'இத்தனை படிகளுக்குப் பின் நிறுத்து' என்று ஒரு கட்டம் இருப்பதைப் பார்க்கலாம். எழுதியவரின் சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். ஒமேகா போல அதே வரி திரும்பி வந்தால் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் வளர்ந்துகொண்டே போகும் ஒரு கோவை இன்னும் பத்தாயிரம் படிகளில் அடங்குமா, அடங்கவே அடங்காதா என்று எல்லாக் கோவைகளுக்கும் பொதுவாகச் சொல்லும் முறை எதுவும் இருக்க முடியாது. 1936-ல் வெளிவந்த சர்ச்சின் கட்டுரை நிரூபித்தது இதைத்தான். அதன் வழியாக, எந்தக் கணிதக் கூற்றும் நிரூபிக்கத்தக்கதா இல்லையா என்று இயந்திரத்தனமாகத் தீர்மானிக்கும் முறை வேண்டும் என்று 1928-ல் ஹில்பர்ட்டும் ஆக்கர்மனும் முன்வைத்த கேள்விக்கும் 'முடியாது' என்று பதில் வந்தது.

அதே ஆண்டு இங்கிலாந்தில், சர்ச்சின் வேலையைப் பற்றித் தெரியாமலே, ஆலன் டூரிங் நாடாவில் எழுதி அழிக்கும் ஒரு கற்பனை இயந்திரத்தை வைத்து அதே பதிலுக்கு வந்து சேர்ந்தார். பிறகு பிரின்ஸ்டனுக்குப் போய் சர்ச்சிடமே ஆய்வு மாணவராகச் சேர்ந்து 1938-ல் முனைவர் பட்டம் பெற்றார். அவருடைய இயந்திரம் கணக்கிடுவதும் லாம்டா கணக்கிடுவதும் ஒன்றே என்று 1937-ல் அவர் நிரூபித்தார். சர்ச் சொன்னபோது தயங்கிய கோடல், டூரிங்கின் விளக்கத்தைப் பார்த்த பிறகே ஒப்புக்கொண்டார்.

டூரிங் லாம்டாவையும் நன்றாகவே கையாண்டார். அதே 1937-ல் அவர் தந்த வரி இது:

(\அ.\ஆ.ஆ (அ அ ஆ)) (\அ.\ஆ.ஆ (அ அ ஆ))

வேலை கரியின் வரியைப் போன்றதுதான், ஒரு வித்தியாசம் உண்டு. இதற்கு ச என்ற மாறியைக் கொடுத்து இரண்டு படி மட்டும் நகர்த்துங்கள். வெளியே ஒரு ச விழுந்திருக்கும், அடைப்புக்குறிக்குள் நீங்கள் தட்டிய முழு வரியும் ஓர் எழுத்து மாறாமல் நிற்கும். கரியின் வரியிலும் ச விழும். ஆனால் உள்ளே தொடங்கிய வரி அப்படியே திரும்பி வருவதில்லை, அதன் விரிந்த வடிவம்தான் இருக்கும். இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டி, மூன்றாம் படிக்குப் போவதற்குள் பொத்தானை விட்டுவிட்டால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.